சிரித்ததற்காக அறியப்படுபவர்

'சர்வஞானம்' இணையக் களஞ்சியத்தில் ஜலஜாவைப் பற்றிய கட்டுரை மொத்தமே மூன்று வரிதான். "ஜலஜா ஒரு முன்னாள் வானொலிச் செய்தி வாசிப்பாளர். மயிலாப்பூரைச் சேர்ந்தவர். படகு விபத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது சிரித்ததற்காக அறியப்படுகிறார்." மூன்றாவது வரியின் முடிவில் ஒன்று என்ற எண் குட்டியாக இருக்கும். அதைத் தொட்டால் ஆதாரம் வரும். முதல் இரண்டு வரிகளுக்கு ஆதாரம் கிடையாது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை ஏழு வருஷமாக அங்கே இருந்திருக்கிறது. ஜலஜாவுக்குத் தெரியாது. அறுபத்தொன்பது வயதில் தன் பெயரைத் தானே தேடிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. பட்டினப்பாக்கத்திலிருந்து ரெனிட்டா என்ற பெண் போன் செய்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ரெனிட்டா அங்குள்ள மாதா கோயில் பங்கின் நினைவுநாள் கமிட்டிச் செயலாளர். அந்தப் படகு விபத்து நடந்து இந்த வருஷத்தோடு நாற்பது ஆண்டு ஆகிறது. அன்று வானொலியில் பெயர்களை வாசித்தவரே மறுபடி வந்து அந்தப் பதினொரு பெயர்களையும் வாசிக்க வேண்டும் என்று போன மாதம்தான் அழைத்திருந்தார்கள். ஜலஜா அன்றிலிருந்து தூக்கம் வராமல், ஆனால் சந்தோஷமாக இருந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் ரெனிட்டா. "கமிட்டில ஒருத்தர் நெட்ல பார்த்துட்டாரு. நீங்க அன்னிக்கு சிரிச்சீங்கன்னு போட்டிருக்கு. இறந்தவங்க குடும்பமெல்லாம் வருவாங்க. நோட்டீஸ் அடிக்கறதுக்குள்ள அதை மட்டும் சரி பண்ணிடுங்களேன்."

சரி பண்ணிவிடலாம் என்றுதான் ஜலஜாவும் நினைத்தார். ரேஷன் கார்டில் பெயரைத் திருத்தியவர்களுக்கு இந்த நாட்டில் எதையும் திருத்திவிட முடியும் என்ற தைரியம் இருக்கும்.

நடந்தது இதுதான். நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு காலை நேரச் செய்தி. சிவப்பு விளக்கு எரிந்து வாசிப்பு தொடங்கிய பிறகு அந்தத் தாள் கைக்கு வந்தது. முன்கூட்டிப் படித்துப் பார்க்க நேரமில்லை. பதினொரு பெயர், பக்கத்தில் வயது. ஆறு பெயர் ஒழுங்காகப் போயிற்று. ஏழாவது ராஜநாயகம், வயது நாற்பத்திரண்டு. எட்டாவது அவர் மகன் ஜேக்கப். வயதுக்குக் கண் போனபோது அங்கே ஒன்பது என்று இருந்தது. 'ஒன்' வரை வந்தது. பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம். ஒரு விநாடி இருக்கும். அதற்கப்புறம் 'பது.' மீதி மூன்று பெயரையும் வாசித்து முடித்து, வெளியே வந்து, தண்ணீர் கேட்டு, குடிக்காமல் வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஒரு நாளிதழில் வாசகர் கடிதம் வந்தது. 'செத்தவர் பெயரைச் சிரித்துக்கொண்டே வாசிப்பது எந்த ஊர்ப் பண்பாடு?' என்று அடையாறிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நிலையத்தில் ஒரு மெமோ கொடுத்தார்கள். இரண்டு மாதம் வானிலை மட்டும் வாசிக்கச் சொன்னார்கள். ஜலஜா வானிலை வாசித்தார். அப்புறம் இருபத்தேழு வருஷம் வெள்ளம், தேர்தல், கொலை, விலைவாசி எல்லாவற்றையும் தொண்டை அசையாமல் வாசித்து ஓய்வு பெற்றார். அந்த ஒரு விநாடி அழுகை என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் இருவருக்கும் தெரிந்திருப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதுதான் இந்தக் கதை.

"ஏன்னா, இதைக் கொஞ்சம் பாருங்கோ," என்று ஜலஜா போனைக் கணவரிடம் நீட்டினார். அவரை வீட்டிலும் வெளியிலும் அம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர்.

"இதுக்குப் போய் ஏன் இப்படி வேர்த்துக்கறே? யார் வேணும்னாலும் திருத்தலாம்னு மேலேயே போட்டிருக்கானே," என்று அம்பி உட்கார்ந்த இடத்திலேயே 'சிரித்ததற்காக' என்பதை அழித்து 'அழுததற்காக' என்று போட்டார். நாலு நிமிஷத்தில் பழைய வரி திரும்பி வந்தது. மறுபடி திருத்தினார். இரண்டு நிமிஷத்தில் வந்தது. மூன்றாம் முறை திருத்தியபோது வரி மாறவில்லை, அம்பி மாறினார். 'தாங்கள் நாசகாரர் எனக் கண்டறியப்பட்டுள்ளீர்கள்' என்று சிவப்பில் ஒரு செய்தி வந்தது.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினவன் இல்லை நான். என்னைப் போய் நாசகாரன்ங்கறான்!" என்று அம்பி துள்ளினார். அன்று முதல் அந்த வீட்டில் இரண்டு வழக்குகள். அம்பி பெரும்பாலும் தன்னுடையதைப் பற்றித்தான் பேசினார்.

சர்வஞானத்தின் தென்சென்னைத் தொகுப்பாளர் பேரவை சனிக்கிழமைதோறும் தி.நகரில் கூடுகிறது. கீழே பாத்திரக்கடை, அதன் மேலே நாலாவது மாடி. லிஃப்டில் அப்துல் கய்யூம் என்பவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜலஜாவின் கையிலிருந்த பையைப் பார்த்து, "கடைக்கா, மேலயா?" என்று கேட்டுவிட்டு, மேலே என்றதும் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

அறைச் சுவரில் 'தெரிந்ததைச் சொல்லாதே, சான்றுள்ளதைச் சொல்' என்று எழுதியிருந்தது. நீள மேஜையைச் சுற்றிப் பத்தொன்பது பேர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. உலக அறிவைச் சும்மாவே காப்பாற்றுகிறோம் என்ற களைப்பு எல்லார் முகத்திலும் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் சாய்நாத் எழுந்து கைகூப்பினார்.

"வாங்கம்மா. உங்க குரல் எங்க வீட்டுல தினம் கேட்ட குரல். எங்கப்பா உங்க செய்தியைக் கேட்டுத்தான் கடிகாரத்தையே சரி பண்ணுவார்."

ஜலஜாவுக்கு மனசு லேசாயிற்று. "அப்ப அதையும் கட்டுரையில சேர்த்துக்கலாமே."

"அது சொந்த அனுபவம்மா. இங்க அதுக்கு இடமில்லை," என்று சாய்நாத் வருத்தத்தோடு உட்கார்ந்தார்.

ஜலஜா நேராக விஷயத்துக்கு வந்தார். "நான் அன்னிக்கு சிரிக்கலை. அழுதேன்."

யாரோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல் எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். மூலையிலிருந்த ஒரு வெள்ளைத் தாடிக்காரர் மட்டும் பேனாவை மூடி வைத்தார். அவர் ராகவேந்திரன், நடுநிலைக் குழுவின் தலைவர்.

"அம்மா, கட்டுரை யாரைப் பத்தினதோ அவங்க அதைப் பத்திப் பேசக் கூடாது. உங்களுக்கு அந்த விஷயத்துல சொந்த அக்கறை இருக்கு. நடுநிலை கெட்டுடும்," என்றார் சாய்நாத்.

"அப்ப யார் பேசணும்?"

"உங்களைத் தெரியாதவங்க யாராவது பேசலாம்."

"என்னைத் தெரியாதவாளுக்கு நான் அழுதது எப்படித் தெரியும்?"

"அந்தக் கஷ்டம் இருக்கத்தான் செய்யுது," என்று சாய்நாத் ஒப்புக்கொண்டார். "ஆனா விதியை நாங்க ஆறு மாசம் விவாதிச்சு உருவாக்கியிருக்கோம்."

கடைசியில் பேரவையே ஒரு வழி சொன்னது. லிஃப்ட் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, ஜலஜாவின் சார்பில் பேச வைப்பது. கய்யூம் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னார்கள்.

"இந்தம்மா அழுதேன்னு சொல்றாங்க. அழுதிருப்பாங்க சார். பொய் சொல்றதுக்கா இந்த வெயில்ல இம்மாம் தூரம் வருவாங்க?" என்றார் அவர்.

"இவங்களை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"இப்பதான் சார், லிஃப்ட்ல இட்டாந்தேன்."

"அப்போ அறிமுகம் இருக்கு," என்று சாய்நாத் மற்றவர்களைப் பார்த்தார். "பேசினீங்களா?"

"கடைக்கா மேலயான்னு கேட்டேன். கதவு தெறந்து உட்டேன். அவ்ளோதான் சார்."

'உதவி செய்துள்ளார்' என்று ஒருவர் எழுதிக்கொண்டார். கய்யூமின் பேச்சு பதிவிலிருந்து நீக்கப்பட்டது. அவர் போகும்போது, "நான் எல்லாருக்கும்தான் சார் கதவு தெறந்து உடறேன்," என்று சொன்னதும் நீக்கப்பட்டது.

"சரி, நான் இருபத்தேழு வருஷம் செய்தி வாசிச்சேனே, அதையாவது போடக் கூடாதா?" என்று ஜலஜா கேட்டார்.

இதற்கு ராகவேந்திரனே பதில் சொன்னார். மென்மையான குரல் அவருக்கு. "வேலைக்குப் போனதெல்லாம் வாழ்க்கை வரலாறு ஆகாதும்மா. செய்தி வாசிக்கறவங்க செய்தி வாசிச்சாங்கங்கறதுல என்ன முக்கியத்துவம் இருக்கு? சிரிச்சதுதான் முக்கியத்துவம். அந்த வரியை எடுத்துட்டா உங்களைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இருக்காது. கட்டுரையையே நீக்க வேண்டி வரும்."

"நீக்கிடுங்களேன்!"

"முக்கியமானவங்க கட்டுரையை நீக்க விதியில்லை," என்றார் ராகவேந்திரன்.

'கட்டுரையை நீக்கக் கட்டுரைத்தலைவியே கோரினார்' என்பதையும் ஒருவர் எழுதிக்கொண்டார். அம்பி நடுவில் எழுந்து தன்னை நாசகாரர் பட்டியலிலிருந்து எடுக்கும்படி கேட்டார். மறுபரிசீலனைக்கு ஒரு படிவம் இருப்பதாகவும், நாசகாரர்கள் அதை நிரப்ப அனுமதியில்லை என்றும் சொன்னார்கள்.

ஜலஜா வீட்டுக்குப் போகவில்லை. அம்பியை ஆட்டோவில் அனுப்பிவிட்டு நேரே பட்டினப்பாக்கம் போனார். தான் வரவில்லை, வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்று ரெனிட்டாவிடம் நேரில் சொல்லிவிடுவது மரியாதை என்று நினைத்தார். ரெனிட்டா அவரைக் கடற்கரைச் சாலையோரம் இருந்த மீன் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். "உங்களை அழைக்கணும்னு சொன்னதே எங்க அத்தைதான். அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அத்தையின் பெயர் சோஃபியா. ஐம்பத்தெட்டு வயது இருக்கும். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவர், ஜலஜா வணக்கம் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்கதானா அது? வாய தொறந்தப்பவே தெரிஞ்சிபோச்சு. குரலு அப்டியே கீது," என்றார். "ராஜநாயகம் பொண்ணும்மா நானு. ஜேக்கப்பு என் தம்பி."

ஜலஜா பக்கத்தில் கவிழ்த்திருந்த ப்ளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு டீக்கடை ரேடியோ முன்னாடி குப்பமே நின்னுக்கினு இருந்துச்சு. யாருகாச்சும் தகவல் சொல்ல ஆளே வர்ல. ரேடியோதான். எங்க நைனா பேரு வந்துச்சு. நான் அழுவல. நெஞ்சு கல்லு மாரி கெடந்துச்சு. அப்பறம் தம்பி பேரு. அப்ப நீங்க அழுதீங்க. எங்க மூஞ்சியே பாக்காத ஒரு பொம்பள எங்க புள்ளைக்காக அழுவுதுன்னு கேட்ட அப்பறம்தாம்மா எனக்கு அழுகையே வந்துச்சு. ரெனிட்டா சொன்னா, சிரிச்சீங்கன்னு போட்டுகீறானுங்களாமே? எவன் அவன்? நான் வந்து சொல்றேன். என் காதால கேட்டவ நான்."

இதற்குப் பிறகு வரமாட்டேன் என்று சொல்ல ஜலஜாவுக்கு வாய் எழவில்லை. இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தபோது அவர் பட்ட ஆறுதலை எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாகத் தன் தொண்டையைச் சந்தேகப்பட்டவர் அவர். ஒருவேளை கேட்டவர்களுக்கு அது சிரிப்பாகத்தான் கேட்டதோ என்று பல தடவை யோசித்திருக்கிறார். கேட்க வேண்டியவளுக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நாலாவது மாடிக்கு, சோஃபியாவையும் சேர்த்து, மூன்று பேராகப் போனார்கள். இந்த முறை கய்யூம் அவர்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே லிஃப்டை ஓட்டினார். சாட்சிக்கு இடைஞ்சல் வந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

ஜலஜா கையோடு ஒலிப்பதிவும் கொண்டுவந்திருந்தார். பழைய சக ஊழியர் ஒருவர் நிலையத்தின் சேமிப்பிலிருந்து தேடிப்பிடித்து அனுப்பியது. சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்று நம்பினார். பேரவையின் தொழில்நுட்ப உறுப்பினர் ஆஸ்வின் அந்த ஒரு விநாடியை மட்டும் வெட்டி எடுத்து ஒரு மென்பொருளுக்குக் கொடுத்தான். முன்னும் பின்னும் உள்ள பெயர்களை எடுத்துவிட்டான். பெயர்கள் இருந்தால் கேட்பவர் மனம் இளகிவிடுமாம்.

"சிரிப்பு அறுபத்தொரு சதவீதம், அழுகை முப்பத்தொன்பது," என்று திரையைக் காட்டினான்.

"இது எதை வெச்சு சொல்றது?" என்றார் ஜலஜா.

"இதுக்குப் பத்தாயிரம் சத்தம் கேட்க வெச்சுக் கத்துக்கொடுத்திருக்கோம் மேடம். எல்லாம் டிவி காமெடி நிகழ்ச்சிலேர்ந்து எடுத்தது. அதுல அழறவங்க கம்மி."

மென்பொருளை மட்டும் நம்பாமல் ஜனநாயக முறையில் வாக்கெடுப்பும் நடந்தது. சிரிப்பு ஒன்பது, அழுகை ஏழு, இருமல் இரண்டு, விக்கல் ஒன்று. விக்கலுக்கு வாக்களித்தவர் தனியாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

சோஃபியா அதுவரை பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். "இன்னாங்கடா நீங்க? ஓட்டு போட்டா அழுகை சிரிப்பா பூடுமா? நான் கேட்டேன். எங்க நைனா பேரு, எங்க தம்பி பேரு. அந்தம்மா அழுதாங்க."

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. சாய்நாத் எழுந்து ஒரு நிமிஷ மௌன அஞ்சலிக்கு ஏற்பாடு செய்தார். பத்தொன்பது பேரும் தலைகுனிந்து நின்றார்கள். முடிந்ததும், "உங்க இழப்பு பெரிசும்மா. அதனாலேயே நீங்க சம்பந்தப்பட்ட தரப்பு ஆயிடறீங்க. நீங்க சொன்னதை எங்கயாவது பிரசுரம் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"எங்க நைனா செத்தத நான் எங்கடா போய் பிரசுரம் பண்றது?"

"அதான் சிக்கல்."

"அப்ப சிரிச்சாங்கன்னு சொன்னவன் மட்டும் யாரு? அவனைக் கூப்பிடு," என்றார் சோஃபியா.

ராகவேந்திரன் தன் பையிலிருந்து ப்ளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். நாற்பது வருஷத்து நாளிதழ்த் துண்டு. பழுப்பேறி இருந்தாலும் ஓரம் மடங்காமல் இருந்தது.

"எழுதினவர் பேர் ராகவேந்திரன், அடையாறுன்னு போட்டிருக்கு பாருங்க. அது நான்தான். அப்ப எனக்கு இருபது வயசு," என்றார். வெட்கமும் பெருமையும் கலந்த முகம். "நான் நூத்துக்கு மேல எழுதிப் போட்டேன். பிரசுரமானது இது ஒண்ணுதான். இதை ஆதாரமா எங்கயாவது சேர்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. சேர்க்கறதுக்கு ஒரு கட்டுரை வேணுமே? அதனால உங்களைப் பத்திக் கட்டுரையை நானே தொடங்கினேன்."

ஜலஜா அந்தத் துண்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்க அன்னிக்கு ரேடியோ கேட்டேளா?"

"இல்லை. எங்காத்து ரேடியோ அப்ப ரிப்பேர். எதிர்வீட்டுக்காரர் சொன்னார்."

"அப்ப உங்களுக்கே தெரியாதே!"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அது சொந்த அனுபவம் ஆயிருக்கும்," என்று ராகவேந்திரன் பொறுமையாக விளக்கினார். "தெரியாம எழுதினதாலதான் அது நடுநிலையான ஆதாரம்."

மேஜையைச் சுற்றிப் பலர் தலையாட்டினார்கள். நல்ல பதில் என்று ஒருவர் மெல்லச் சொன்னார்.

"இப்ப இவா ரெண்டு பேர் சொன்னதைக் கேட்டேளே. அது தப்புன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. முடிஞ்சுபோச்சு," என்று அம்பி கெஞ்சினார்.

ராகவேந்திரன் கொஞ்ச நேரம் அந்தத் துண்டைத் தடவிக்கொண்டிருந்தார். சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. "நான் இப்ப வாயால சொல்றது செல்லாது சார். அச்சுல வந்ததுதான் செல்லும். அதுவும் இல்லாம," என்று உறையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், "எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

அன்று பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சாய்நாத் அதை வரலாற்றுத் தீர்மானம் என்றார். இதே வாசிப்பாளர் இதே பெயர்களை வரும் நினைவுநாளில் மறுபடியும் வாசிக்கப்போகிறார். எட்டாவது பெயரில் என்ன சத்தம் வருகிறது என்று பேரவைக் குழு நேரில் வந்து பதிவு செய்யும். அதைப் பொறுத்துக் கட்டுரை திருத்தப்படும். "எந்தக் களஞ்சியத்துக்கும் கிடைக்காத வாய்ப்பும்மா இது," என்று அவர் ஜலஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிஜமாகவே மகிழ்ச்சியாக இருந்தார்.

ஜலஜாதான் வாசிக்க வேண்டும் என்று சோஃபியா கமிட்டியில் சத்தம் போட்டார். ரெனிட்டா நோட்டீஸ் அடித்தாள். ஜலஜாவின் பெயர் அதில் வந்தது.

நினைவுநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ஜலஜா பயந்துபோயிருந்தார். அழுகை வந்தால் அது மென்பொருளுக்கு அறுபத்தொரு சதவீதம் சிரிப்பு. இரண்டாவது தடவையும் சிரித்தார் என்று போட்டுவிடுவார்கள். சோஃபியாவின் கண்ணெதிரே அப்படி ஒன்று நடக்கக் கூடாது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். சத்தமே வராவிட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

சமையலறையில் நின்றுகொண்டு வாசித்துப் பழகினார். முதல் நாள் எட்டாவது பெயரில் நின்றுவிட்டது. அம்பி போனில் பதிவு செய்து, போட்டுக் காட்டினார். "இது சிரிப்பு மாதிரிதான் கேக்கறது, ஜலஜா. சொல்றேனேன்னு நினைச்சுக்காதே."

வானிலை வாசித்த இரண்டு மாதம் ஞாபகம் வந்தது. வானிலைக்குத் தொண்டை அடைக்காது. ராஜநாயகம் நாற்பத்திரண்டு என்பதை நாகப்பட்டினம் நாற்பத்திரண்டு என்பதுபோல் சொல்லிப் பார்த்தார். ஜேக்கப் ஒன்பது. காஞ்சிபுரம் ஒன்பது. மழையளவு, மில்லிமீட்டரில். ஒரு நாளைக்கு அறுபது தடவை. எட்டாவது நாளில் அந்தப் பெயர் வெறும் சத்தமாகிவிட்டது. பத்தாவது நாளில் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டே பதினொரு பெயரையும் சொல்ல முடிந்தது. அம்பி கைதட்டினார். ஜலஜாவுக்கு மட்டும் ஏதோ திருடிவிட்டதுபோல் இருந்தது. என்ன திருடினோம் என்று தெரியவில்லை.

நினைவுநாள் மாலையில் கோயில் வளாகத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். காற்றில் பந்தல் துணி அடித்துக்கொண்டது. முதல் வரிசையில் இறந்தவர்களின் குடும்பங்கள். அவர்களுக்கு முன்னால், வரிசை என்று சொல்ல முடியாத இடத்தில், பேரவைக் குழு நான்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஆஸ்வின் ஒலிவாங்கியை நீளக் குச்சியில் கட்டி ஜலஜாவின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். ராகவேந்திரன் மடியில் நோட்டுப் புத்தகம்.

ஜலஜா வாசித்தார். ஆறு பெயர் போயிற்று. ராஜநாயகம், வயது நாற்பத்திரண்டு. அவர் மகன் ஜேக்கப், வயது ஒன்பது. ஒன்பதாவது பெயர். பத்தாவது. பதினொன்று. ஒரு பிசிறும் இல்லை. அந்தப் பழைய அழகான குரல் மணி அடித்ததுபோல் ஓடி நின்றது. ஜலஜா தாளை மடித்தார். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம் நினைத்தார்.

முதல் வரிசையில் யாரும் அழவில்லை. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சிலர் நாற்காலியை மடித்தார்கள்.

சோஃபியா மேடையருகே வந்து அவர் கையைப் பிடித்தார். கோபமில்லை. அவ்வளவு தூரம் கூப்பிட்டு வந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று தயங்கித்தான் பேசினார்.

"நல்லா படிச்சீங்கம்மா. ஆனா அன்னிக்கு எங்கூட்டு புள்ளைக்கு அழுதீங்க. இன்னிக்கு யாரோ பேர மாரி படிச்சிட்டீங்களே. நான் அதுக்கோசரம்தாம்மா உங்கள வரச் சொன்னேன்."

ஜலஜா சொல்ல வேண்டியதையெல்லாம் பன்னிரண்டு நாளாக அவரே அடைத்து வைத்திருந்தார்.

அடுத்த வாரம் கட்டுரை ஐந்து வரியாயிற்று. நாலாவது வரி: "நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே பெயர்களை வாசித்தபோது எவ்வித உணர்ச்சியையும் வெளிப்படுத்தவில்லை." ஐந்தாவது வரி: "எனவே, முன்னர் அழுதார் எனும் கூற்று ஐயத்திற்குரியது." முடிவில் குட்டியாக இரண்டு என்ற எண். தொட்டால், அந்த வாரம் வட்டாரப் பத்திரிகை ஒன்றில் வெளியான வாசகர் கடிதம் வரும். எழுதியவர் ராகவேந்திரன், அடையாறு. அவருக்கு இது இரண்டாவது பிரசுரம்.

இன்னொரு வரியும் இருக்கிறது. அது கட்டுரையில் வராது. நினைவுநாள் முடிந்து பட்டினப்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அம்பி, தன் நாசகாரர் விஷயத்தை சாய்நாத்திடம் மறுபடி ஞாபகப்படுத்தியதைச் சொல்லிக்கொண்டு வந்தார். சாந்தோம் கோயிலைத் தாண்டியதும் ஜலஜா வாய்க்குள் "ஜேக்கப், வயது ஒன்பது" என்றார். மழையளவாக இல்லாமல், ஒரு பையனின் வயதாக அது வந்தது. அப்புறம் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஒரு விநாடியில் நிற்கவில்லை. அம்பி பேச்சை நிறுத்திவிட்டு அவர் முதுகில் கையை வைத்தார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னாமா, ஊட்ல யாருனா தவறிட்டாங்களா?"

"ஆமாம்ப்பா."

"எப்ப?"

"நாற்பது வருஷம் ஆச்சு," என்றார் ஜலஜா.

ஆட்டோக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, ஜலஜா அழுது முடிக்கும்வரை ரோட்டைப் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டோக்காரரின் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.